போட்டோவுக்கு நின்றவள்

அவள் யாரிடமும் எதையும் தாழ்ந்த குரலில் கேட்டதில்லை. பேருந்தில் முன்பின் தெரியாத பையன் ஒருவன் மடியில் தடித்த புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தால் போதும், "தம்பி, இது எந்த செம் புக்கு? எக்ஸாம் எப்ப முடியுது? முடிஞ்சப்புறம் இத என்ன பண்ணுவ?" என்று ஆரம்பித்துவிடுவாள். அவன் விழித்துக்கொண்டு பதில் சொல்வதற்குள் விசாரணை அவன் அண்ணன் என்ன படித்தான், அண்ணனுடைய புத்தகங்கள் எந்தப் பரணில் கிடக்கின்றன என்பது வரைக்கும் போய்விடும். பக்கத்தில் நிற்கிற எனக்கு மானம் போகும்.

"என்னக்கா இது, பஸ்ல வச்சி."

"ஏன், அவன் சொத்தையா கேட்டேன்? படிச்சி முடிச்ச புக்கு பரண்ல பல்லி முட்ட போட கெடக்கு. கேட்டா என்ன கொறஞ்சிட்டோம்?"

கேட்டா என்ன. இதுதான் அவளுடைய வாய்ப்பாடு. கேட்ட இடத்தில் பாதிப் பேர் இல்லை என்பார்கள், சிலர் முறைப்பார்கள். அவளுக்கு அதெல்லாம் உறைக்காது. ஆனால் இருக்கிற பொருளை வைத்துக்கொண்டு யாராவது இல்லை என்று சொல்லிவிட்டால் மட்டும் முகம் சிவந்துவிடும். அவள் கறுப்புதான், கறுப்பு முகமும் சிவக்கும் என்பதை அவளிடம்தான் பார்த்தேன்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே, சாலையை ஒட்டி இருந்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நாங்கள் சிவில் படித்தோம். வகுப்பில் பெண்கள் குறைவு. அவள் டிப்ளமா முடித்து, ஒரு காண்ட்ராக்டரிடம் சில வருடம் வெயிலில் நின்று கம்பி எண்ணிக்கொண்டிருந்துவிட்டு, நேராக இரண்டாம் வருடத்தில் வந்து சேர்ந்தவள். அதனால் எங்கள் எல்லோருக்கும் அக்கா. வீடு மேல்பட்டாம்பாக்கம். கட்டணம் கட்டியது அவளுடைய அண்ணன். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்த்து, சம்பளத்தில் பாதியை இவளுக்குக் கொட்டினார். நல்ல மனிதர்தான். ஆனால் ஐந்தாம் செமஸ்டரில் இவள் ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ் பேப்பரில் விழுந்ததும், "இன்னொரு வாட்டி அரியர் வச்சியினா வீட்டோட இரு, என்னால ஆவாது" என்று சொல்லிவிட்டார். அந்தப் பேப்பருக்கு ஒரு நல்ல புத்தகம் இல்லாமல்தான் அவள் விழுந்தாள். அடுத்த முறையும் விழுந்தால் கல்லூரி முடிந்தது. இவ்வளவுதான் விஷயம்.

அவளுடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. அந்தப் பெயரைக் காட்டித்தான் அவள் கையில் இருந்ததைப் பிடுங்கினார்கள். நானும் ஒருமுறை அதைக் காகிதத்தில் எழுதி நீட்ட வேண்டுமா என்ன?

எங்கள் காலத்தில் பாடப்புத்தகங்களில் இரண்டு சாதி இருந்தது. ஒன்று ஃபாரின் ஆத்தர், இன்னொன்று லோக்கல் ஆத்தர். ஃபாரின் ஆத்தர் புத்தகத்தில் ஒரு விஷயம் எதனால் அப்படி என்று இருக்கும். அதன் விலையைக் கேட்டால் எங்கள் வீடுகளில் ஒரு மாதத்து அரிசி கண்ணுக்குத் தெரியும். லோக்கல் ஆத்தர் என்பது கேள்வியும் பதிலுமாக, அச்சுப்பிழையும் சேர்த்து, மனப்பாடம் செய்வதற்கென்றே போட்டது. எங்கள் விரிவுரையாளர் ஒருவரே ஒரு லோக்கல் ஆத்தர். தான் எழுதிய புத்தகத்தை வகுப்புக்குக் கொண்டுவராதவர்களுக்கு இன்டெர்னல் மார்க்கில் கை வைப்பார். ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தாலும் செல்லாது, அட்டை போட்ட அசல் பிரதியாக இருக்க வேண்டும். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு வாங்கினோம். இவள் எழுந்தாள்.

"சார், ஒரு டவுட்டு."

"சொல்லு."

"நீங்க நடத்துனா எங்களுக்கு இந்த புக்கு எதுக்கு? இந்த புக்கே நடத்தும்னா நீங்க எதுக்கு?"

ஒரு வாரம் அவளை வெளியே நிற்கவைத்தார். ஜன்னலோரம் நின்றபடியே குறிப்பெடுத்தாள். எங்கள் வகுப்பு ஆண்பிள்ளைகள் அந்த வாக்கியத்தைத் திருவிழா வசனம் மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அவளுக்குப் பதிலாகப் போய் அவரிடம் பேச ஒருத்தனும் வரவில்லை.

சிதம்பரத்துக்கு நாங்கள் போனது கோவிலுக்கு அல்ல. வருடக் கடைசியில் அங்கே பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் விடுதியைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போகும்போது பாதிப் பேர் புத்தகங்களைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிடுவார்கள். கடைக்காரர் அதில் நல்லதைப் பொறுக்கி எடுத்துத் தனியே அடுக்கி, அட்டையில் போட்டிருக்கும் விலையில் பாதி சொல்வார். அக்கா அந்தக் கடை வாசலில் போய் நின்ற நாள் எனக்கு மறக்காது. ஒரு பையன் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்த புத்தகக் கட்டைக் கடைக்காரர் எடை போட்டு எடுத்ததை அவள் தன் கண்ணால் பார்த்துவிட்டாள். அதிலிருந்தே மூன்றை உருவித் தராசுத் தட்டில் வைத்தாள்.

"அண்ணே, எடை போடுங்க."

"ஏம்மா, புக்க எடைக்கா விப்பாங்க?"

"வாங்கும்போது எடைக்குத்தான வாங்குனீங்க?"

"அது வாங்கறது. இது விக்கறது."

"இடையில இந்த புக்கு என்ன படிச்சி பாஸாயிடுச்சா, வெல ஏற?"

கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு பெரியவர் சிரித்தார். கடைக்காரர் எடை விலைக்கு மேல் கொஞ்சம் வைத்துக் கொடுத்தனுப்பினார். அதற்குப் பிறகு எங்களைத் தெருமுனையில் பார்த்தாலே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். ஆனால் அந்த ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ் புத்தகம் மட்டும் அங்கே கிடைக்கவில்லை. அதை யாரும் எடைக்குப் போடுவதில்லை. வேலைக்குப் போன பிறகும் வேண்டியிருக்கிற புத்தகம் அது.

அந்தப் புத்தகம் எங்கள் கல்லூரியிலேயே இருந்தது. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

நூலகத்தில், நூலகரின் மேசைக்குப் பின்னால், கண்ணாடிக் கதவு போட்ட பீரோ ஒன்று நின்றது. மேலே பெயின்டில் 'புத்தக வங்கி' என்று எழுதியிருக்கும். அரசாங்கப் பணத்தில், ஆதிதிராவிட மாணவர்கள் வாங்கிப் படித்துவிட்டுப் படிப்பு முடிந்ததும் திருப்பிக் கொடுப்பதற்கென்று வந்த புத்தகங்கள். ஒவ்வொரு துறைக்கும் கட்டுக் கட்டாக, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் உள்ளே நிற்கும். நான் பெண்ணாடத்துக்காரி. அப்பா சர்க்கரை ஆலையில் கரும்பு லோடு இறக்குபவர். நான் கடலூரில் அரசு விடுதியில் தங்கிப் படித்தேன். அந்த பீரோ எனக்காகத்தான் வந்தது. மூன்று வருடமாக அதில் ஒரு பக்கத்தை நான் தொட்டதில்லை. கேட்டால் நூலகர், "தொலச்சிட்டா யாரு பதில் சொல்றது? ஆடிட்டுக்கு வருவாங்க" என்பார். தொலையக் கூடாது என்பதற்காகப் படிக்கவே கொடுக்காத புத்தகம்! எங்கள் ஆட்கள் கையில் கொடுத்தால் பொருள் தங்காது என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர் பார்க்கிற பார்வையிலேயே அது தெரியும்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை, நல அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று, எங்களை வரிசையாக நிற்கவைத்து, தாளாளர் கையால் ஆளுக்கொரு கட்டுக் கொடுக்கச் செய்து போட்டோ எடுப்பார்கள். எடுத்து முடிந்ததும், "போறப்ப டேபிள்ல வச்சிட்டுப் போங்க" என்பார் நூலகர். நாங்களும் வைத்துவிட்டுப் போவோம். கட்டு மறுபடி பீரோவுக்குள் போகும்.

மூன்றாம் வருடம் பட்டியலில் ஒன்பது பெயர் இருந்தது. வந்தது எட்டுப் பேர். ஒன்பதாவது, எங்கள் வகுப்புப் பையன். கட்டணம் கட்ட முடியாமல் அந்த வருடம் படிப்பையே விட்டுவிட்டுப் போயிருந்தான். தாளாளர் வந்து நின்றுவிட்டார். போட்டோக்காரர் அவசரப்படுத்தினார். நூலகர் சுற்றிப் பார்த்தார். எங்களோடு எப்போதும் இருப்பவள், எங்களைப் போல இருப்பவள், எனக்காக வாசலில் காத்துக்கொண்டிருந்த அக்கா கண்ணில் பட்டாள்.

"ஏம்மா, நீயும் இவுங்களோடதான? வா வா, வந்து நில்லு."

அவள் வந்து நின்றாள். தாளாளர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். அவள் சிரித்துக்கொண்டே வாங்கினாள். சிவில் கட்டு. மேலேயே இருந்தது ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ். போட்டோ எடுத்தார்கள். நாங்கள் எட்டுப் பேரும் பழக்கதோஷத்தில் மேசையில் கட்டை வைத்துவிட்டு நகர்ந்தோம். அவள் மட்டும் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு படியில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

"ஏம்மா! ஏம்மா! புக்கு!" நூலகர் பின்னாலேயே ஓடினார்.

அவள் திரும்பி நின்றாள். "சாரே அவர் கையால குடுத்தாரு, நான் வாங்கிக்கிட்டேன். அத்தன பேர் எதிர்ல குடுத்துட்டுத் திருப்பிக் கேக்கறது என்ன பழக்கம் சார்?"

தாளாளர் இன்னும் காரில் ஏறியிருக்கவில்லை. அதனால் நூலகர் அதற்கு மேல் கத்த முடியாமல் நின்றார். அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள். விடுதிக்குத் திரும்புகிற வழியெல்லாம் நாங்கள் எட்டுப் பேரும் அதையே பேசினோம். ஒரு பெண் சொன்னாள், "நம்மளுக்கு ஏண்டி இது தோணல?"

மறுநாள் முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார்கள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். முதல்வர் மேசையில் அவளுடைய சாதிச் சான்றிதழின் நகல் கிடந்தது. என்னுடையதில் இந்து ஆதிதிராவிடர். அவளுடையதில் கிறிஸ்தவ ஆதிதிராவிடர். அதனால் அவள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவாள். அவள் ஊரிலும் என் ஊரிலும் எங்கள் வீடு இருப்பது காலனியில்தான். எங்களுக்குத் தனி டம்ளர் வைத்த டீக்கடைக்காரன் எவனும், நீ எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று கேட்டுவிட்டு வைக்கவில்லை. காகிதத்தில் மட்டும் இப்படி ஒரு வித்தியாசம்.

"நீ கிறிஸ்டியன். இந்த ஸ்கீம்ல உனக்கு எலிஜிபிலிட்டி இல்ல. தெரிஞ்சேதான் எடுத்துட்டுப் போயிருக்க" என்றார் முதல்வர்.

"அது நேத்து தெரியலையா சார்? போட்டோவுக்கு நிக்கறப்ப நான் யாரு?"

"அது வேற."

"என்ன சார் வேற? மூஞ்சி மட்டும் ஒங்களுக்கு வேணும், புக்கு எனக்குக் கூடாதா?"

"மரியாதையாப் பேசு. புக்க வைக்கலன்னா ஹால் டிக்கெட் வராது."

அதற்கு மேல் அவள் என்ன செய்ய முடியும்? ஹால் டிக்கெட் இல்லை என்றால் அரியர்தான். அரியர் என்றால் அண்ணன். பையைத் திறந்து கட்டை எடுத்து மேசையில் வைத்தாள். வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"இத இப்ப யாருக்கு சார் குடுப்பீங்க?"

முதல்வர் வேறு ஏதோ கோப்பைத் திறந்துகொண்டார். கொடுப்பதற்கு யாருமில்லை என்பது அவருக்கும் தெரியும். அந்த மனிதர் மீது எனக்கு இருக்கிற கோபம் இத்தனை வருடத்தில் ஒரு பொட்டும் குறையவில்லை.

வெளியே வந்ததும் அலுவலகத்துக் கிளார்க் ஒருவர் எங்களைத் தூணோரம் கூப்பிட்டார். நல்லது சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். "கோச்சிக்காதம்மா. கெஜட்ல பேர மாத்திக்க. ஒரு கோயில்ல பூஜ பண்ணி தாய் மதம் திரும்பிட்டதா எழுதி வாங்கிக்க. எத்தனையோ பேர் பண்றாங்க. அப்புறம் புக்கு, ஸ்காலர்ஷிப்பு, வேல, எல்லாம் ஒனக்குத்தான்."

அவள் அவரிடம் கத்தவில்லை. "எங்கம்மா வேளாங்கண்ணிக்கு நடந்து போயி பெத்த புள்ள சார் நான்" என்றாள். "அந்தப் பேர எடுத்துட்டு வேற பேர் வச்சாத்தான் எனக்கு அந்த பீரோ தொறக்கும்னா, எனக்குத் தொறக்கவே வேணாம்." பிறகு என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "ஆனா இவளுக்குத் தொறந்துதான சார் ஆவணும்? இவளுக்கு என்ன சாக்கு சொல்லுவீங்க?"

அந்தக் கேள்வியை அவள் கிளார்க்கோடு விடவில்லை. மனு எழுதினாள். திங்கட்கிழமை மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீஸில் குறைகேட்கிற நாள். எங்கள் எட்டுப் பேரையும் வகுப்புக்கு மட்டம் போடவைத்து அழைத்துக்கொண்டு போனாள். இரண்டு பேர் பயந்து அழுதார்கள். ஒருத்தி, "எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாரு" என்றாள். "கேட்டா என்னடி? நம்ம புக்கத்தான கேக்குறோம்" என்று அவளைத் திட்டித் திட்டியே வரிசையில் நிறுத்தினாள். நம்ம புக்கு என்றுதான் சொன்னாள்.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி மனுவை முழுக்கப் படித்தார். கீழே எட்டுக் கையெழுத்து இருந்தது. ஒவ்வொருவராக, பெயர் என்ன, எந்த வருடம் என்று கேட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் நின்ற அவளிடம் வந்தார்.

"நீ?"

"நான் கூட வந்தவ சார்."

"நீ சைன் போடலியே?"

"எனக்கு இதுல இல்ல சார்."

"அப்ப மனு எழுதுனது யாரு? கையெழுத்து நல்லாருக்கே."

"நான்தான் சார்."

அதிகாரி அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு மனுவில் ஏதோ குறித்தார். 'கூட வந்தவ' என்று அவள் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்தக் கூடம் முழுக்கக் கேட்கும்படி யார் கூட யார் வந்தார்கள் என்று கத்த வேண்டும் போல இருந்தது. என் வாயிலிருந்து வந்ததெல்லாம், "எங்க அக்கா சார்" என்பதுதான். அவர் தலையாட்டினார்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிப்பவர்களுக்கு மனசு கேட்காது. அவள் அந்தப் பேப்பரில் தேறினாள். எனக்குக் கிடைத்த புத்தகத்தை வைத்துத்தான் இருவரும் படித்தோம். விடுதிக்குள் வெளியாளை விடமாட்டார்கள். அகலப் பாதை போடுகிறோம் என்று அப்போது ரயில் ஓடவில்லை. அதனால் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனின் காலி பிளாட்பாரத்தில், ஆடு மேய்கிற தண்டவாளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து படித்தோம். இருட்டுவதற்குள் அவள் பஸ் பிடிக்க வேண்டும். கல்லூரி முடிந்ததும் அவள் சென்னைப் பக்கம் ஒரு கட்டுமானக் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். 2012இல் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை பார்த்தேன். கொஞ்சம் பருத்திருந்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் நின்ற பையனின் புத்தகத்தை எட்டிப் பார்த்தாள். அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது பீரோ திறந்த நாளைப் பற்றி. கலெக்டர் ஆபீஸிலிருந்து கேள்வி வந்ததும் கல்லூரியில் எல்லோருக்கும் திடீரென்று எங்கள் மேல் அக்கறை பொங்கிவிட்டது. நூலகர் எங்களைக் கூப்பிட்டுப் பெயர் வாசித்து, ஒவ்வொரு கட்டாக எடுத்துக் கொடுத்தார். இந்த முறை போட்டோக்காரர் இல்லை. அக்காவுக்கு அங்கே வேலை இல்லை, இருந்தாலும் வந்திருந்தாள். நூலக வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கட்டும் ஒரு கைக்குப் போகும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு திருப்தி, தன் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பார்ப்பவள் மாதிரி.

எட்டுக் கட்டும் போன பிறகு பீரோவின் நடுத்தட்டில் ஒன்று மட்டும் தனியாக நின்றது. படிப்பை விட்டுப் போன பையனுடைய சிவில் கட்டு. ஒரு நாள் அவள் பையில் இருந்துவிட்டு வந்த அதே கட்டு. பிளாஸ்டிக் உறையை மேல் புத்தகத்தில் மட்டும் அவள் பிரித்திருந்தாள். அது அப்படியே பிரிந்து தொங்கியது. நூலகர் சாவியை எடுத்தார்.

"சார், அது?" என்றேன் நான்.

"அதுக்கு ஆள் இல்ல" என்றார்.

ஆள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவருக்கும் தெரியும், அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அவர் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தப்போனார். அக்கா வாசலில் நின்றபடியே, வழக்கமான அந்தப் பெரிய குரலில் கேட்டாள்.

"சார், ஒடனே பூட்டாதீங்க. கொஞ்ச நேரம் தொறந்து வைங்க. புக்குக்குக் காத்தாவது படட்டும்."

அவர் பூட்டினார்.